வெறுமணலும் விளக்குக் கம்பமும்

ஒவ்வோராண்டும் மாரி ஓய்ந்து மாசி பிறந்ததும் எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஒரு வழக்கு எழுவதுண்டு. உயர்தர வகுப்பிற் புவியியல் பயிலும் மாணவரை இரண்டு இரவுகள் வெளிக்களத்தில் தங்கவைத்துக் கற்பிப்பது எங்கள் மரபு. எங்கே தங்குவது என்பதுதான் வழக்கு. ஒரு கட்சியார் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டின் வெறுமணலைச் சுட்டுவர். கூடாரம் ஒன்றே போதும், மற்றவற்றை மணலும் வானமும் தரும் என்பர். மற்றைக் கட்சியார், கட்டணம் செலுத்தினால் கூடாரத்தோடு மெத்தையும், மின்விளக்கும், குழாய்நீரும், மலசலகூடமும் ஆயத்தமாக இருக்கும் இடமொன்றை நாடுவர். இவ்வாண்டும் அந்த வழக்கு எழுந்தது.

பல ஆண்டுகள் யான் முதற் கட்சியின் முன்னணியில் நின்றவன். பின்னர் ஒருமுறை இரண்டாங் கட்சிக்குத் தாவினேன். இன்று இரண்டையும் விட்டு விலகி நிற்கின்றேன். இருமுறை கட்சி மாறியவன் காரணங் கூறக் கடமைப்பட்டவன் அன்றோ? ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

இவ்வழக்கு நமக்கே உரியதன்று. 1907ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் ஏறத்தாழ இருபது சிறுவரைப் பிரவுன்சீ என்னுஞ் சிறுதீவுக்கு அழைத்துச் சென்று கூடாரங்களில் தங்கவைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாய் உண்டு உறங்கிய அப்பாசறையிலிருந்தே சாரணர் இயக்கம் பிறந்தது. வசதிகளைக் குறைத்தால் மனிதன் வளர்வான் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. மறுபால், மோட்டார் வண்டி பெருகிய அமெரிக்காவில் வேறொரு வழக்கம் தோன்றியது. வீட்டையே வண்டியில் ஏற்றிச் செல்வோர், காட்டினுள்ளே தமக்கென ஒதுக்கிய தளத்தில் வண்டியை நிறுத்தி, மின்கம்பி, நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகிய மூன்றையும் அதில் மாட்டிவிடுவர். காட்டிலும் இருக்கலாம், வீட்டிலும் இருக்கலாம்! குளிர்பெட்டி ஓடும், வெந்நீர் வரும். வாயிலைத் திறந்தால் மரங்கள் தெரியும்.

இதைக் கேட்டு நகைப்போர், நம் முன்னோரின் கூடார வண்டிலை நினைந்து பார்த்தல் வேண்டும். செல்வச் சந்நிதித் திருவிழாவுக்கும் வல்லிபுரக் கடற்றீர்த்தத்துக்கும் குடும்பத்தோடு வண்டில் கட்டிச் சென்றோர், மரநிழலில் மாட்டை அவிழ்த்துக்கட்டி, மூன்று கல் வைத்து உலையேற்றி, வண்டிலின் கீழ்ப் பாய் விரித்து உறங்கினர். இன்றும், தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிற் புறப்பட்டுக் கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் அடியார்கள், வழியெங்கும் கோயில் வீதியிலும் மரத்தடியிலும் இராத்தங்குகின்றனர். உகந்தை முருகனை வணங்கிப் புறப்பட்டபின் அவர்களுக்கு ஊரும் இல்லை, வீதியும் இல்லை. குமனையும் யாலையும் ஆகிய காடுகளே உறையுள். வெறுந்தரையில் உறங்குதல் நமக்கு மேனாட்டார் கற்பித்த புதுக்கலை அன்று.

முதற் கட்சியில் யான் நின்றமைக்கு உறுதியான நியாயங்கள் இருந்தன. புவியியலை வகுப்பறையிற் கரும்பலகை கொண்டு கற்பிப்பது, நீச்சலைத் தரையிற் கற்பிப்பது போன்றது. மணற்குன்று எவ்வாறு நகர்கிறது என்பதை ஒரு படம் காட்டுவதிலும், இரவு கூடாரத்தின் ஒரு பக்கத்தில் ஏறிய மணலை விடியற்காலையிற் கையால் அள்ளிக் கொட்டுவது நன்கு காட்டும். வாடைக்காற்றுக்கும் சோளகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சவுக்கந்தோப்பின் சாய்வில் மாணவர் தாமே கண்டுகொள்வர். மணலில் அமிழ்ந்து சிதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்தவனுக்கு, மணலின் ஆற்றலைப் பற்றி வேறு விரிவுரை வேண்டுவதில்லை. குன்றின் அடிவாரத்தில், மாரி கழிந்த நாள்களில், ஆழமில்லாத குழியிலும் நன்னீர் ஊறும். எட்டிப் பார்த்தால் உப்புக் கடல், காலடியில் குடிநீர். அந்த வியப்பிலிருந்தே குடாநாட்டின் நீரியலைத் தொடங்கலாம். விளக்கொளி இல்லாத அந்த வானத்தில் விண்மீன்களை இனங்காட்டவும் முடியும். இவற்றுக்கெல்லாம் வெறுமணலே வேண்டும் என்று வாதிட்டேன், பெரும்பாலும் வென்றேன்.

2013ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்டு எழுதியிருந்தோம். வன்னியிலிருந்து மீண்டு வந்து நகரையண்டிக் குடியிருந்த ஒரு தாயார், கடிதத்தைக் கையிற் பிடித்தபடியே பாடசாலைக்கு வந்தார். “ஐயா, நாங்கள் கூடாரத்திலை கிடந்தது காணும். பிள்ளைக்கும் அதைப் பழக்க வேணுமோ?” என்றார்.

யான் அதற்கு ஆயத்தமாயிருக்கவில்லை. ‘பாசறை’ என்ற சொல் எனக்குப் பிரவுன்சீ தீவை நினைவூட்டியது. அவருக்கு ‘முகாம்’ என்ற சொல்லையே நினைவூட்டியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இதே மணற்காட்டுக் கரையையும் வாரியடித்தது. 2009இல் வன்னி மக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைபட்டனர். அவருட் பெரும்பாலோரைக் கொண்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. இந்நாட்டிற் கூடாரம் என்பது விடுமுறைக்கு உரிய பொருளாக நெடுங்காலம் இருக்கவில்லை. விரும்பி ஏற்ற எளிமைக்கும் விதியால் வந்த வறுமைக்கும் இடையே ஒரு கதவு உண்டு. விரும்பியவன் தன் வீட்டுக்குத் திரும்பலாம் என்பதே அக்கதவு. அத்தாயாருக்கு இவ்வாறெல்லாம் விளக்கஞ் சொல்லி ஒப்புதல் பெற்றேன். விளக்கம் பிழையன்று, ஆயின் அவர் கேட்ட வினாவுக்கு அது விடையும் அன்று. அதனை மணற்காட்டிலேதான் அறிந்தேன்.

இரண்டாம் நாள் நண்பகல். வெயில் கொளுத்தியது. குன்றின் சரிவை அளந்துகொண்டிருந்த மாணவியருள் ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள். நிழலிற் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்து, மெல்லப் பருகச் செய்ததும் தெளிந்தாள். அச்சம் நீங்கியதும் எனக்குச் சினம் வந்தது. போத்தல் போத்தலாக நீர் கொண்டுவந்திருந்தோம். பெண்பிள்ளைகளின் போத்தல்களோ பெரும்பாலும் நிறைந்தபடியே இருந்தன. “இவ்வளவு தண்ணியும் இருக்க ஏன் பிள்ளையள் குடிக்கேல்லை?” என்று இரைந்தேன். எல்லாரும் நிலத்தைப் பார்த்தனர். அந்தத் தாயாரின் மகள் மட்டும் நிமிர்ந்து, “குடிச்சால் பிறகு எங்கை சேர் போறது? முகாமிலையும் அப்பிடித்தான் பழகினனாங்கள்” என்றாள்.

உடன் வந்திருந்த ஆசிரியை தம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய போத்தலும் நிறைந்தே இருந்தது.

வெறுமணலின் பெருமையை அத்தனை ஆண்டுகள் பேசிய யான், அப்பெருமையின் விலையைச் செலுத்தியவர் யார் என்று ஒருபோதும் எண்ணியவனல்லேன். ஆண்பிள்ளைகளுக்குச் சவுக்கந்தோப்பு போதியதாயிருந்தது. பெண்பிள்ளைகள் விடியுமுன்னும் இருண்டபின்னும் மட்டுமே எழுந்து செல்லலாம் என்ற நியதியைத் தமக்குத் தாமே விதித்து, பகல் முழுவதும் நாவை உலரவிட்டிருந்தனர். அவர்களுக்கு விண்மீனும் இல்லை, மணற்குன்றும் இல்லை. பொழுது எப்போது சாயும் என்ற ஒரே கணக்கு. வசதி வேண்டாம் என்பது எளிமை என்று எண்ணியிருந்தேன். அந்த எளிமை, வகுப்பிற் பாதிப்பேருக்குப் பாரமாயிருந்தது.

இதனாலேயே பின்னர் 2016இல் கட்சி மாறினேன். கட்டணம் பெறும் ஓரிடத்தைத் தெரிந்தோம். அவ்விடத்தின் பெயர் இங்கு வேண்டா. வரிசையாகக் கூடாரங்கள், ஒவ்வொன்றிலும் விளக்கும் மின்விசிறியும், திருகினால் நீர் கொட்டும் குழாய்கள், ஓடு பதித்த மலசலகூடங்கள். மாணவியர் முகமலர்ச்சியோடு இருந்தனர் என்பதை மறைத்தல் ஆகாது. நீரும் குடித்தனர். அந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் தகும்.

ஆயின் இரவு வந்தது. கம்பந்தோறும் ஒளிர்ந்த விளக்குகளின் கீழ் விண்மீன் வகுப்பு நடவாது போயிற்று. மின்சாரம் நின்றவேளையும் வானம் தெரியவில்லை. மின்பிறப்பாக்கி உறுமத் தொடங்கியதும் கம்பங்கள் மீண்டும் எரிந்தன. ஒவ்வொரு கூடாரத்திலும் கைத்தொலைபேசிகள் மின்னேற்றப்பட்டன. ஏற்றிய மின்னைச் செலவிடாமல் விடுவது பிள்ளைகளின் இயல்பன்று. காலையில், குழாய்நீர் எங்கிருந்து வருகிறதென்று காட்டுமாறு காவலரைக் கேட்டேன். கிணற்றைக் காட்டினார். கழிவுநீர் எங்கே போகிறதென்று கேட்டேன். குழியைக் காட்டினார். இரண்டுக்கும் இடையே எட்டியெட்டி அடிவைத்தேன். பதினைந்து அடிவைப்புகளே வந்தன. அன்று நடத்திய பாடங்களுள் மாணவர் மறவாதது அந்தப் பதினைந்து அடிவைப்புகள்தாம்.

ஏன் என்று விளக்குதல் வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. நம் குடிநீரிற் பெரும்பகுதி மழை தந்து, சுண்ணாம்புக் கற்பாறை தன் பிளவுகளில் ஏந்தி வைத்திருப்பது. அந்நன்னீர் ஒரு வில்லையைப்போல, கீழிருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும். இது நமக்கு ஆறுதலான செய்தி. ஆயின் மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி சுருங்கும் என்பதும் அதே கணக்குத்தான். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு இளைப்பாறியது. பொறியால் விடாது இறைக்கும்போது உவர் மேலேறுகின்றது. கீழிருந்து உவர் ஏறுவது ஒரு தீங்காக, மேலிருந்து கழிவு இறங்குவது மற்றொன்று. களிமண்ணும் மணலும் கழிவைத் தாமதப்படுத்தி ஓரளவு வடிக்கும். பிளவுபட்ட சுண்ணாம்புக்கல் அதனை வாய்க்கால்போலக் கடத்திவிடும். தோட்டத்து உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் குடாநாட்டிற் பல உள்ளமை அறிஞர் நெடுங்காலமாகக் கூறிவரும் செய்தி. அமெரிக்கத் தளத்தில் மாட்டும் கழிவுநீர்க் குழாய்க்கு மறுமுனையில் ஏதோ ஒரு சுத்திகரிப்பு ஒழுங்கு உண்டு. நமது குழாய்க்கு மறுமுனையில் நமது கிணறே உண்டு!

அங்ஙனமாயின் மீண்டும் வெறுமணலுக்கே திரும்பலாமே எனின், அதற்கும் தடை உண்டு. 1920களின் இறுதியில் மைனெக்கே என்னும் மரநோய் அறிஞர், கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளை ஆராய்ந்தார். ஆயிரமாண்டு நின்ற மரங்கள், தம் நிழலை நாடி வந்தோராலேயே நலிந்தன. விரும்பிய இடமெல்லாம் வண்டியை ஓட்டிக் கூடாரம் அடித்தமையால் நிலம் இறுகி, வேர்கள் மூச்சற்றன. இதற்கு அவர் கண்ட வழி, பாதையையும் தளத்தையும் அடுப்பையும் ஓரிடத்தில் நிலையாக வகுத்துவிடுவது. 1932இல் அவர் எழுதிய கொள்கையை ஒட்டியே அந்நாட்டின் காட்டுத்தளங்கள் பின்னர் அமைந்தன. ஆகவே வகுத்த தளம் சுகபோகத்துக்காகப் பிறந்ததன்று. வேரைக் காப்பதற்காகப் பிறந்தது. குளிர்பெட்டியும் வெந்நீரும் பின்னர் அதில் ஏறி அமர்ந்தன. பத்துப்பேர் செல்லும்வரை வெறுமணல் வெறுமணலாயிருக்கும், ஆண்டுக்கு ஆயிரம் பேர் சென்றால் குன்றைப் பிடித்து நிற்கும் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் மிதிபட்டழியும், மறைவிடமெல்லாம் மலசலகூடமாகும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நெறி உண்டா? உண்டு, அதனை நம் முன்னோர் கண்டிருந்தனர். குடாநாட்டின் பழைய தெருக்களில் வழிப்போக்கனுக்கென அவர்கள் அமைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். சுமையை இறக்கச் சுமைதாங்கி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், நீருக்குக் கேணி, இராத்தங்க மடம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தின் கூரை தெருவுக்கு மேலேயே கவிந்து நிற்கின்றது. வெயிலில் வருபவன் கேளாமலே நிழலுட் புகுகின்றான். வீட்டு வாயிலிலும் சங்கடப்படலைக்குக் கூரை வேய்ந்து, அதன் நிழலில் நீர்க்குடம் வைத்தனர். இவற்றில் ஆடம்பரமும் இல்லை, வறுமையும் இல்லை. வழிப்போக்கனின் உடலுக்கு எது இன்றியமையாததோ, அதனை மட்டும் மானங் குன்றாதபடி தந்தனர். மிச்சத்தை வழிக்கே விட்டனர். ஒன்றை மட்டும் அவர்கள் அமைக்கவில்லை, மலசலகூடம். வளவும் பற்றையும் பரந்திருந்த காலம் அது; அன்றும் பெண்கள் விடியலுக்கும் இருளுக்குமே காத்திருந்திருப்பர். அக்குறையை நாம் நிறைத்தல் வேண்டும்.

எவ்வளவு போதும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கின்றது. அதனை உல்லாச விடுதிகளிடம் கேட்க வேண்டுவதில்லை, முகாம்களிடமே கேட்கலாம். அகதிகளுக்கு உதவும் உலக நிறுவனங்கள் கூடி வகுத்த ‘ஸ்பியர்’ நியமங்கள், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர் என்றும், 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்றும், அது நிலத்தடி நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீற்றர் விலகியிருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. பிளவுபட்ட பாறையும் சுண்ணாம்புக்கல்லும் உள்ள நிலத்தில் அத்தொலைவு இன்னும் மிக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுகின்றன. நமக்கென்றே எழுதியதுபோன்ற வாசகம்! நாற்பது பேருள்ள எம் குழுவுக்கு, நாளொன்றுக்கு 600 லீற்றர் நீரும் இரண்டு மலசலகூடங்களும் வேண்டும். அத்தாயாரின் வினாவுக்குரிய விடை இதுவே. இவையில்லாத இடத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வது எளிமையைப் பழக்குதல் அன்று. முகாமைப் பழக்குதலே ஆகும். இவற்றுக்கு மேலே தருபவை யாவும் விருந்து. விருந்தை ஏற்கலாம், மறுக்கலாம்.

‘வருங்காலத்தில் எவ்வாறாயினும் சுற்றுலா வளரத்தான் போகிறது, விளக்கும் குளிரூட்டியும் இல்லாவிடின் யார் வருவர்?’ என்று கேட்போர் உளர். சுண்டிக்குளமும் நெடுந்தீவும் 2015இல் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. பூநாரையைக் காணச் சுண்டிக்குளத்துக்கும், குதிரைகளைக் காணக் குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்கும் ஆட்கள் வருவர், வருதல் நன்றே. அங்கெல்லாம் இராத்தங்க இடம் அமைப்போர், முதலிற் கட்டுவது எது, இறுதியிற் கட்டுவது எது என்ற ஒழுங்கை மட்டும் மாற்றிவிடலாகாது. நெடுந்தீவில் நன்னீர் பொன்னினும் அரிது. அங்கே கசியாத கழிவுத்தொட்டி முதல், குடிநீர் அடுத்தது, மின்கம்பி இறுதி. நம் காலத்திலோ மின்கம்பமே முதலில் நடப்படுகின்றது. படத்தில் அழகாகத் தோன்றுவது அதுதானே?

‘பிள்ளைகள் கொஞ்சம் துன்பம் பழகட்டும்’ என்னும் என் பழைய கட்சி நண்பருக்கும் ஒரு சொல். துன்பம் பழகட்டும், ஆயின் எல்லாருக்கும் ஒரே துன்பமாக இருக்கட்டும். கூடாரம் அடிக்கையில் விரல் நசுங்குவதும், மணல் கலந்த சோறுண்பதும், நுளம்போடு போராடுவதும், காற்றில் நெருப்பு மூட்டுவதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவற்றுட் பாடமும் நகைச்சுவையும் உண்டு. பல்லாண்டு கழித்தும் பேசி மகிழலாம். நாவை உலரவிட்டுப் பொழுது சாயக் காத்திருந்ததை எந்த மாணவி பின்னொருநாள் பேசி மகிழ்வாள்?

இவ்வாண்டு வழக்கு இவ்வாறு முடிந்தது. கடற்கரையை அண்டிய ஊரொன்றில், விடுமுறை நாளில் அவ்வூர்ப் பாடசாலையின் முற்றத்தைக் கேட்டுப் பெற்றிருக்கின்றோம். கூடாரங்களை முற்றத்து வேம்பின் கீழ் நாமே அடித்துக்கொள்வோம். கிணறு உண்டு, வாளியால் அள்ளுவோம். மலசலகூடங்கள் உண்டு, கிணற்றிலிருந்து அவற்றின் தொலைவை நானே சென்று அளந்து வந்தேன். இரவில் மின்விளக்கின் ஆளியை அணைத்துவிட அதிபர் இசைந்துள்ளார். மணற்குன்று நடைதூரத்தில் இருக்கின்றது. விண்மீன்கள் வழக்கமான இடத்திலேயே இருக்கும்.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தையும் மாற்றி எழுதினேன். முன்பெல்லாம் அது பயணத்தின் கல்விப்பயன் குறித்து ஒரு நீண்ட பந்தியோடு தொடங்கும். இம்முறை முதல் வரியிலேயே, மாணவியருக்குத் தனியான மலசலகூடம் உண்டு என்று எழுதியிருக்கின்றேன். கல்விப்பயன் இரண்டாம் பந்திக்குப் போயிற்று. சென்ற ஆண்டுகளிலும் மிகுதியான ஒப்புதல்கள் இம்முறை விரைவாக வந்து சேர்ந்துள்ளன.